பேரேட்டின் பின்பக்கம்

தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியற்காலையில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், பினாங்குத் தெருக் கோவில்வீட்டிலிருந்து நகரத்தார் செட்டியார்களின் வெள்ளிரதம் புறப்படும். 1894-இலிருந்து ஓடுகிற ரதம். தண்ணீர்மலை போய்ச் சேர நாள் முழுக்க ஆகும். வழிநெடுகத் தேங்காய் உடைபடும். தமிழர்களுக்குச் சமமாகச் சீனர்களும் உடைப்பார்கள். கூட்டம் ரதத்தைப் பார்க்கும். எனக்கு அந்தத் தெருவைப் பார்ப்பதில்தான் ஆர்வம். ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகள் முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே போகப்போக நீளமாகவும் இருக்கும். அவற்றுள் சில ஒருகாலத்தில் கிட்டங்கிகளாக இருந்தன. கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் இடம். பினாங்குத் தெருவில் அது பணம் அடுக்கிய இடம்.

நீளமாக ஒரு கூடம். நாற்காலி கிடையாது. ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது நிறுவனத்துக்கும், தரையில் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி. மேலாள் கடன் கொடுப்பார், அடுத்தாள் கணக்கெழுதுவார், பெட்டியடிப் பையன் எடுபிடியாக வெயிலில் அலைவான். மூன்று வருஷம் ஒரு தவணை. தவணை முடிந்தால் ஊருக்குப் போய் மணம் முடித்துக்கொண்டோ, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டோ திரும்பலாம். இரவில் அதே கூடத்தில், அதே பெட்டியின் பக்கத்தில் படுக்கை.

இந்தக் கூடங்களில் எழுதப்பட்ட தமிழ் கொஞ்சநஞ்சமல்ல. குறிப்பு, பேரேடு, வட்டிச்சிட்டை, ஐந்தொகை, ஊருக்கு வாராவாரம் கடுதாசி. எழுதியே வாழ்ந்தவர்கள்தாம். ஆனால் தனக்காக ஒரு வரி எழுதிக்கொள்ள அந்தக் கூடத்தில் இடமில்லை; பேரேட்டின் பின்பக்கம் காலியாக இருந்தாலும் அது முதலாளியின் காகிதம். அப்படியொரு கடையிலிருந்து வந்த ஒருவர், போரில் எல்லாம் கவிழ்ந்த பிறகு, தமிழின் ஆகப்பெரிய நாவல்களில் ஒன்றை எழுதினார். ப. சிங்காரம். அவர் வேலை பார்த்தது மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் மெடானில். முதல் நாவலைக் கொண்டுவந்து நிறுத்தியதோ பினாங்கில்.

வாழ்க்கை முறிந்துபோனவர்கள் எழுத்துக்கோ பாட்டுக்கோ ஓவியத்துக்கோ திரும்புவதைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் மருந்துச்சீட்டுபோல இருக்கிறது: தினம் மூன்று பக்கம் எழுதுங்கள், மனம் லேசாகும். ஆகலாம். ஆனால் உண்மையில் திரும்பியவர்களை எடுத்துவைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அவர்கள் விட்ட இடத்துக்குத் திரும்பவில்லை. இடையில் பிழைப்புக்காகப் பழகிய கைப்பழக்கத்தையே எழுத்துக்குள் கொண்டுவந்தார்கள். வந்தபோது அவர்களை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே அவர்கள் நிலைத்தார்கள், அல்லது வாய்மூடிப் போனார்கள். சிங்காரத்தின் கதை இரண்டையும் காட்டுகிறது.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். மதுரையில் படித்துவிட்டு 1938-இல், பதினெட்டு வயதில், மெடானில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். நாடார் குடும்பத்துப் பையன், பிள்ளைமார் கடையில், செட்டியார் உண்டாக்கிய தொழிலில். இந்தக் கலவை முக்கியம். லேவாதேவித் தொழிலின் ஒழுங்கு முழுக்க அவருக்குத் தெரியும். அதற்குள் அவர் பிறக்கவில்லை. வெளியாளின் காது அவருக்கு இருந்தது. கடைப்பேச்சில் ஒவ்வொருவரும் யாரை எப்படி விளிக்கிறார்கள், யார் குரல் எங்கே தாழ்கிறது என்பதெல்லாம் அவர் நாவல்களில் துல்லியமாக விழுந்திருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பிறகு போர். ஜார்ஜ்டவுனின் மேல் ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 11-ஆம் தேதி குண்டு போட்டன. அதற்குமுன் குண்டையே பார்த்திராத ஜனம். விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றது. அந்தக் கூட்டத்தின் மேலேயே குண்டு விழுந்தது. அடுத்த சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவைவிட்டுப் போனார்கள். 19-ஆம் தேதி ஜப்பானியர் வந்தார்கள். பினாங்குத் தமிழரின் மனத்தில் வெள்ளைக்கார ஆட்சியின்மேல் இருந்த மரியாதை அந்த ஒரு வாரத்தில் செத்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்த வெற்றிடத்துக்குள் இந்திய சுதந்திர லீக் வந்தது. பினாங்கு வழக்கறிஞர் ந. ராகவன் அதன் தலைவர்களில் ஒருவர். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் தூதராகப் பணியாற்றியவர். கிரீன்லேனில் இருந்த ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் அவர் பொறுப்பில் சுயராஜ்யப் பயிற்சிக்கூடம் நடந்தது. நேற்றுவரை வசூலுக்கு நடந்த பையன்களும் தோட்டத்துக் கணக்கர்களான கிராணிகளும் துப்பாக்கி பிடித்தார்கள்.

1945-இல் எல்லாம் முடிந்தது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை பினாங்கில் இறங்கியது. துப்பாக்கி பிடித்த பையன்கள் என்ன செய்வது? திரும்பி வந்து கைப்பெட்டி முன்னால் உட்கார வேண்டியதுதான்.

'கடலுக்கு அப்பால்' இந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுப் பினாங்கில் முதலாளியின் வட்டிக்கடைக்குத் திரும்புகிறான். முதலாளி மகள் மரகதம்மேல் காதல். சாதாரண சினிமாக் கதை. ஆனால் முதலாளி பெண் தர மறுப்பதற்கான காரணம் சாதாரணமானதல்ல. பணம் குறைவு என்பதில்லை, சாதி என்பதுமில்லை. பட்டாளத்துக்குப் போய்வந்தவன் இனி லேவாதேவிக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணிப்பு. வட்டித்தொழில் என்பது குனிந்து நடக்கிற தொழில். நிமிர்ந்து பழகிய முதுகு மறுபடி வளையாது. நல்ல முதலாளி அவர், கெட்டவரில்லை. ஆளைப் பார்த்து அளப்பது அவர் தொழில், சரியாகவே அளந்தார். பெரிய மாற்றத்துக்குப் பிறகு பழைய வாழ்க்கைக்குத் திரும்புவது பற்றி இதைவிடக் கறாராகத் தமிழில் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. திரும்புகிறவனுக்கு மனமிருக்கிறது, அவனை ஏற்கவேண்டிய இடம், 'நீ பழைய ஆள் இல்லை' என்று சொல்லிவிடுகிறது.

சிங்காரமே அப்படித்தான் திரும்பினார். மனைவியையும் பிறந்த குழந்தையையும் அங்கே பறிகொடுத்தவர். 1946-இல் இந்தியா வந்தார். 1947-இல் மதுரையில் 'தினத்தந்தி'யில் சேர்ந்தார். 1987 வரை நாற்பது வருஷம் அதே பத்திரிகை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. அந்த அறையிலேயே ஏறத்தாழ ஐம்பது வருஷம்.

திரும்பி வந்து நான்கு வருஷத்தில், 1950-இல், 'கடலுக்கு அப்பால்' எழுதி முடிந்துவிட்டது. எந்தப் பதிப்பாளரும் எடுக்கவில்லை. 'கலைமகள்' நாவல் போட்டியில் பரிசு பெற்ற பிறகு 1959-இல்தான் புத்தகமானது. ஒன்பது வருஷம். அது வருமுன்னமோ வந்த கையோடோ அடுத்ததை மனத்தில் தொடங்கியிருக்க வேண்டும்; 'புயலிலே ஒரு தோணி' 1962-இல் முடிந்தது. அச்சில் வந்தது 1972. இன்னொரு பத்து வருஷம். அதற்குப் பிறகு 1997 டிசம்பர் 30-ஆம் தேதி அவர் இறக்கும்வரை மூன்றாவது நாவல் வரவில்லை.

இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எழுத அவருக்கு ஆனது சொற்ப காலம். காத்திருந்ததுதான் நீண்ட காலம்.

அவர் கடையிலிருந்து எதை எழுத்துக்குக் கொண்டுவந்தார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 'புயலிலே ஒரு தோணி' ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதோடு தொடங்குகிறது. வேறொரு எழுத்தாளர் அங்கே பயத்தை எழுதியிருப்பார், அல்லது தத்துவத்தை. சிங்காரம் தெருக்களின் பெயரையும் கடைகளின் பெயரையும் எந்தச் சரக்கு எங்கே போகிறது என்பதையும் எழுதுகிறார். நாயகன் பாண்டியன் கடலைக் கடந்து பினாங்கு வருவது புயலில் அலைக்கழியும் ஒரு மரத்தோணியில். உயிர் போகிற அந்தப் பயணத்திலும் ஆட்களுக்கும் பொருளுக்கும் கணக்கு இருக்கிறது. குடித்துவிட்டுத் தமிழின் பழம்பெருமையை நண்பர்கள் பிய்த்துப்போடும் பகுதிகளில்கூடப் பற்று ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமுமாகத்தான் வாதம் போகிறது: நாம் பெற்றது இவ்வளவு, சொல்லிக்கொள்வது இவ்வளவு, மிச்சம் எங்கே? இது நாவலாசிரியரின் பாணி என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு இது அடுத்தாளின் கைப்பழக்கமாகப் படுகிறது. பேரேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஐந்தொகை சரிவராது. அந்த நடுக்கம் அவருடைய வாக்கியங்களில் இருக்கிறது. செத்துப்போன ஒரு உலகத்தின் ஐந்தொகையை ஒரே ஆளாக உட்கார்ந்து எடுத்தார்.

இன்னொன்று, அதைவிட விநோதமானது. நாவலுக்குள் கடல்கடந்து கிடக்கிற இளைஞர்கள் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறார்கள். இதை எழுதுகிறவர் மதுரையிலேயே இருக்கிறார். சன்னலைத் திறந்தால் மதுரை. அவர் எழுதுவது மெடானையும் பினாங்கையும். அந்த மெடானில் நிற்கிற பாத்திரமோ மதுரைக்கு ஏங்குகிறது. எதிரெதிரே வைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் நிற்கிறவரைப்போல. ஊருக்குத் திரும்பிய புலம்பெயர்ந்தவனின் நிலையை இப்படி ஒரு அமைப்பாகவே மாற்றியதுதான் அந்த நாவலின் மேதைமை. ஊர் கிடைத்துவிட்டது, ஏங்கிய ஊர் கிடைக்கவில்லை. ஏங்குவதற்கு மெடான் வேண்டியிருந்தது.

அவர் முதல் நாவலை மெடானில் நடத்தாமல் பினாங்குக்கு ஏன் கொண்டுபோனார் என்று யோசித்திருக்கிறேன். தான் பட்ட இடத்தை நேராகப் பார்க்க அந்த நான்கு வருஷம் போதவில்லையோ என்னவோ. மனைவியின் சாம்பல் கிடக்கிற கரையை விட்டு, அதே தொழில், அதே பேச்சு, அதே கடல் உள்ள எதிர்க்கரையில் கதையை வைத்தார். இரண்டாவது நாவலுக்குத்தான் மெடானுக்குள் கால் வைத்தார். இது என் ஊகம். அவர் எங்கும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் எழுதத் திரும்புகிற பலர் முதலில் பக்கத்து வீட்டுக் கதையைத்தான் எழுதுகிறார்கள்.

1950-ஐ மறுபடி பார்க்கவேண்டும். மதுரையில் சிங்காரம் கைப்பிரதியை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் இருந்த அதே வருஷம், அவர் விட்டுவந்த மலாயாவில் 'தமிழ் நேசன்' நாளிதழ் ஒரு காரியம் செய்தது. செப்டம்பரிலிருந்து ஞாயிறு இதழில் 'கதை வகுப்பு' தொடங்கியது. நடத்தியவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். புனைபெயரில் வாத்தியார்களாக உட்கார்ந்து பாடம் எழுதினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், வந்த கதைகளைத் திருத்தினார்கள், தேர்வு வைத்துத் தரம் பிரித்து அறிவித்தார்கள். கதை எழுதுவதற்கு நாளிதழில் பாடமா என்று இன்றைக்குச் சிரிக்கத் தோன்றும். தமிழ்நாட்டில் அன்றைக்குச் சிரித்தும் இருப்பார்கள்.

ஆனால் யாருக்காக அந்த வகுப்பு? ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் சயாம் ரயில் பாதையிலிருந்து உயிரோடு வந்தவர்கள் வந்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அதைப் போடத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் ஏற்றிப் போனார்கள். திரும்பாதவர்களைக் கணக்கெடுக்க ஆளில்லை. மூன்றரை வருஷம் தமிழ்ப் பள்ளிகள் சீராக நடக்கவில்லை, புத்தகம் கப்பலேறி வரவில்லை. போருக்கு முன் பத்திரிகைக்கு ஏதோ எழுதிப் பார்த்திருந்தவர்களும், எழுத நினைத்து வயது கடந்துபோனவர்களும், தோட்டத்து ஆசிரியர்களும் கிராணிகளும் ஒரு தபால்தலைச் செலவில் போய்ச்சேரக்கூடிய இடமாக அந்த வகுப்பு இருந்தது. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை ஒரு திருப்புமுனையாக எழுதுகிறார்கள். அதில் எழுதப்பட்ட கதைகளின் தரத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. வகுப்பு இருந்தது என்பதற்குத்தான் மரியாதை. 1953-இல் அதே நாளிதழுக்கு ஆசிரியராகத் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி வந்தார், 1957 வரை இருந்தார். இலக்கிய வட்டம் கூட்டினார், அளவுகோலை உயர்த்தினார். திரும்பி வருகிறவனுக்கு முதலில் ஒரு திண்ணை வேண்டும், கறாரான வாத்தியார் பிறகு வரலாம். மலாயாவுக்கு இரண்டும் அந்த வரிசையிலேயே வாய்த்தன.

சிங்காரத்துக்குத் திண்ணை இல்லை. தமிழ்நாட்டு இலக்கிய வட்டம் எதிலும் அவர் இல்லை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அவரைத் தெரியாது. 'தினத்தந்தி' அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு அவர் நாவலாசிரியர் என்று தெரிந்திருந்தாலே ஆச்சரியம். அவருக்கு விருப்பமான புத்தகம் ஹெமிங்வேயின் 'போரே நீ போ'. போரிலிருந்தும் பிரசவத்தில் இறந்த காதலியிடமிருந்தும் ஒருவன் மழையில் தனியே நடந்துபோகிற கதை. அது அவருக்கு ஏன் பிடித்தது என்று விளக்கத் தேவையில்லை. வாசகர்கள் அவரைத் தேடி வந்தபோது அவருக்கு அறுபது கடந்திருந்தது. அவர்களிடம் எழுத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. சேமித்த பணத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே ஆய்வாளர்கள் பக்கம் கொஞ்சம் திரும்பலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட சோதனையைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் பதினைந்து நிமிஷம், வாழ்க்கையின் மிகக் கொடிய அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சிலரை நடந்ததை மட்டும், சிலரை உணர்ச்சியை மட்டும், சிலரை இரண்டையும் சேர்த்து. வேறு சிலர் சும்மா ஏதோ ஒரு பொருளைப் பற்றி எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய கையோடு முன்னைவிட வாடிப்போனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாக மருத்துவரிடம் போனார்கள். இதிலிருந்துதான் எழுதினால் நோய் தீரும் என்ற பேச்சு கிளம்பியது. பிறகு நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன. 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜோவான் ஃபிராட்டரோலி, பலன் உண்டு, ஆனால் சிறியது என்றார். மருந்துச்சீட்டு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது செய்தியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

பென்னிபேக்கரின் பிந்தைய வேலையில் எனக்குப் பிடித்தது வேறொரு கண்டுபிடிப்பு. யார் தேறினார்கள் என்று எழுத்தையே எண்ணிப் பார்த்தபோது, அதிகமாக அழுதவர்கள் தேறவில்லை. நாள் செல்லச்செல்ல 'ஆகையால்', 'அதனால்', 'இப்போது புரிகிறது' என்கிற வகைச் சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ அவர்கள்தாம் தேறினார்கள். அதாவது கணக்கு நேரானவர்கள். பினாங்குத் தெரு அடுத்தாளுக்கு இதைச் சொல்லியிருந்தால், இதற்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமா என்று கேட்டிருப்பார். அன்றன்று வந்ததைக் குறிப்பில் எழுது. பிறகு இன்னாருக்கு இன்னது என்று பேரேட்டில் ஏற்று. கடைசியில் ஐந்தொகை போடு. குறிப்போடு நின்றுவிட்டால் அது வெறும் புலம்பல். ஏற்றும்போதுதான் எது எதனால் வந்தது என்று தெரியும்.

பினாங்கிலேயே இருந்து எழுதியவர் என்றால் ரெ. கார்த்திகேசுவைச் சொல்லவேண்டும். கெடாவின் பீடோங்கில் 1940-இல் பிறந்தவர். வானொலி, தொலைக்காட்சியில் குரலாகப் பிரபலமானார். அப்புறம் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியர். அவர் புத்தகங்களின் ஆண்டுகளை அடுக்கினால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும்: முதல் சிறுகதைத் தொகுதி 1974, முதல் நாவல் 'வானத்து வேலிகள்' 1981, அடுத்த நாவல் 'தேடியிருக்கும் தருணங்கள்' 1993. பன்னிரண்டு வருஷ இடைவெளி. சிங்காரத்தின் இடைவெளிபோல் இது பதிப்பாளர் கிடைக்காமல் வந்ததில்லை. உத்தியோகம், பட்டம், குழு, அறிக்கை. நம்மில் பெரும்பாலோருக்கு எழுத்து இப்படித்தான் போகிறது. அதற்கு யாரும் இரங்கற்பா பாடுவதில்லை. திரும்பிய பிறகு கார்த்திகேசு நிற்கவில்லை. 1998-இல் 'அந்திம காலம்', பிறகு மேலும் நாவல்கள், கதைகள், விமர்சனம், 2016-இல் இறக்கும்வரை.

'அந்திம காலம்' பினாங்கில் ஓய்வுபெற்று வாழும் சுந்தரம் என்பவருக்குப் புற்றுநோய் வருவது பற்றியது. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவரின் வீட்டுக்குள் வேறு துயரங்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதில் சிகிச்சை வருகிற விதத்தைக் கவனியுங்கள்: ஆஸ்பத்திரி வரிசை, சோதனை, மருந்தின் பக்கவிளைவு, டாக்டர் பேசுகிற விதம். செய்தி வாசித்த, கட்டுரைகளைத் திருத்திய கை அது. நோயைப் பற்றித் தமிழ் நாவல்கள் காட்டுகிற கண்ணீர் நாட்டம் அதில் குறைவு. சில இடங்களில் எனக்கே அது வறண்டுபோனதாகத் தோன்றியிருக்கிறது. இரண்டாம் முறை வாசித்தபோது அந்த வறட்சிதான் நாவலைக் காப்பாற்றுகிறது என்று மனத்தை மாற்றிக்கொண்டேன். இன்று அது இணையத்தில் மதுரைத் திட்டத்தின் மின்நூல்களில் ஒன்றாக யாரும் வாசிக்கக் கிடைக்கிறது. சிங்காரம் ஏறத்தாழ இருபது வருஷம் காத்திருந்தது ஒரு அச்சகத்துக்காக என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிறெரிகிறது.

பினாங்குக்குத் தெற்கே, லங்காட் ஆற்றுப் பக்கத்தில் அ. ரெங்கசாமி. ஜப்பானியர் வந்தபோது பதினொரு வயதுச் சிறுவன். ஆசிரியராக வாழ்ந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அவருடைய முக்கியமான நாவல்கள் வந்தன. 1993-இல் வந்த 'புதியதோர் உலகம்' ஜப்பானியர் காலத்துத் தோட்ட வாழ்க்கையைச் சொல்கிறது. 'நினைவுச்சின்னம்' சயாம் ரயிலை. 'இமையத் தியாகம்' நேதாஜியின் படையை. அதே 1993-இல்தான் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் வந்தது. நடந்து ஐம்பது வருஷம். பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டுக்கடன் அடைத்து, சம்பளப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிய பிறகு, ஒரு தலைமுறை உட்கார்ந்து தன் பால்யத்துக் கணக்கைப் பார்த்தது. கெடாவின் கோ. புண்ணியவானும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தாம். அவரது 'கையறு' 2021-இல் வந்தபோது ரயில் பாதை முடிந்து எழுபத்தெட்டு வருஷமாகியிருந்தது. ரெங்கசாமியின் உரைநடையில் ஒரு வாத்தியார் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். விட்டுப்போகக்கூடாது என்று தேதியும் இடமும் சொல்லிக்கொண்டே போவார். கலை என்ற அளவில் அது சுமைதான். அந்தத் தேதிகளை வேறு யாரும் எழுதி வைக்கவில்லை என்று தெரிந்த பிறகு சுமையைக் குறைசொல்ல வாய் வரவில்லை.

இதுவரை நான் சொன்ன எழுத்தாளர்கள் எல்லாம் ஆண்கள். தற்செயல் அல்ல. ஓய்வு என்று ஒரு நாள் குறிக்கப்பட்டிருப்பது சம்பள வேலைக்குத்தான். அடுப்படிக்கு ஓய்வுநாள் எழுதிய அரசாணை எந்த நாட்டிலும் கிடையாது. பள்ளியில் கவிதை எழுதி, கல்யாணத்தோடு நோட்டை மூடிய பெண்ணுக்குத் திரும்பும் வாசல் வேறு இடத்தில் இருக்கிறது. கணவன் இறந்த பிறகு, பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போன பிறகு, மருமகள் வீட்டில் சும்மா உட்காரச் சொன்ன பிறகு. அவர்கள் கொண்டுவருகிற கைப்பழக்கம் என்ன? கிட்டங்கி ஆணுக்குப் பேரேடு என்றால் இவர்களுக்கு மளிகைச் சிட்டை, சீட்டுக்கணக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் என்கிற நோட்டு. ஒரு குடும்பத்தின் அறுபது வருஷ உறவும் பகையும் ஒரு மொய் நோட்டுக்குள் இருக்கிறது. அதிலிருந்து எழுந்து வருகிற பினாங்கு நாவலுக்கு நான் காத்திருக்கிறேன்.

ஜார்ஜ்டவுனில் பழைய காகிதங்களின் கதி இன்னொரு திருப்பம் கண்டது. பழைய வீடுகளுக்கு வாடகையை உயர்த்தவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1-ஆம் தேதியோடு விலக்கப்பட்டது. தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்தவர்கள் நகரத்தின் மையத்திலிருந்து வெளியேறினார்கள். அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவன் மாடத்தில் கிடந்த தகரப்பெட்டியை எடுத்துப் போகமாட்டான். எட்டு வருஷம் கழித்து, 2008 ஜூலையில், யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுச்சின்னம் என்று அறிவித்தது. கட்டடங்களுக்குச் சாயம் பூசினார்கள். சிலவற்றில் இப்போது காப்பிக்கடை, தங்கும்விடுதி. முகப்பு அழகாக இருக்கிறது. உள்ளே பாயும் கைப்பெட்டியும் கிடந்த நீளக்கூடத்தில் வெளிநாட்டுப் பயணிகள் மடிக்கணினியில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு நாவல் எழுத வந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன், அன்றைய வசூல் ஒரு காசு குறைகிறதே என்று, விளக்கு வெளிச்சத்தில் மறுபடியும் மேலிருந்து கூட்டத் தொடங்கியிருப்பான்.